பங்கும் பங்காளியும்: இன்டிடெக்ஸ் ஆடைக் குழுமத்தின் 2001ஆம் ஆண்டுப் பங்கு விற்பனை

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் பங்குகளை முதன்முறையாக மக்களுக்கு வழங்குவதைத் தமிழ் நாளேடுகள் ‘பொதுப் பங்கு வெளியீடு’ எனக் குறிக்கின்றன. இத்தொடரைக் கேட்டவுடன், தொழிலை விரிவாக்கப் பணம் தேவைப்படும் நிறுவனம் ஒன்று மக்களை நாடுகின்றது என்னும் எண்ணமே எழும். ஆயினும், பங்குச் சந்தைக்கு வரும் நிறுவனங்கள் யாவும் பணத் தேவையால் வருவதில்லை. ஸ்பெயின் நாட்டின் ஆடை விற்பனைக் குழுமமான இன்டிடெக்ஸ் 2001ஆம் ஆண்டு மே மாதம் மேற்கொண்ட பங்கு விற்பனை இதற்குத் தக்க சான்றாகும். ‘ஸாரா’ என்னும் கடைப் பெயரால் சிங்கப்பூருக்கு 2002ஆம் ஆண்டிலும் மலேசியாவுக்கு 2003ஆம் ஆண்டிலும் வந்த குழுமம் இது. அவ்விற்பனை ஏன் நிகழ்ந்தது, அதனால் யார் எதனைப் பெற்றனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தையலறையிலிருந்து குழுமம் வரை

குழுமத்தின் நிறுவனர் அமான்சியோ ஓர்தேகா 1936ஆம் ஆண்டு பிறந்தவர்; இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள கலீசியா மாநிலத்தின் துறைமுக நகரான கொருன்யாவில் சட்டைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1963ஆம் ஆண்டு, பெண்கள் வீட்டில் அணியும் மேலங்கிகளைத் தைக்கும் சிறு தொழிலகத்தைக் குடும்பத்தாருடன் தொடங்கினார். அவர்தம் துணைவியார் ரொசாலியா மேராவும் அதில் பங்கேற்றார். பதினொரு வயதிலேயே தையல் வேலைக்கு வந்தவர் அவ்வம்மையார்.

முதல் ஸாரா கடை 1975ஆம் ஆண்டு கொருன்யாவில் திறக்கப்பட்டது. 1985இல் தொழிலகங்களும் கடைகளும் இன்டிடெக்ஸ் என்னும் ஒரே தாய் நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1988இல் போர்த்துகலின் போர்த்தோ நகரிலும், 1989இல் நியூயார்க்கிலும், 1990இல் பாரிஸிலும் கடைகள் எழுந்தன. கடையில் எது விற்கின்றது என்பதை நாள்தோறும் அறிந்து, அதற்கேற்பச் சிறு சிறு அளவில் தைத்து, வாரம் இருமுறை கடைகளுக்கு அனுப்புவதே இக்குழுமத்தின் தனித்தன்மையாகும். விற்காத சரக்கு தேங்குவது குறைந்தது. போட்ட பணமும் விரைந்து திரும்பியது. 2000ஆம் நிதியாண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ 2,614 மில்லியன் யூரோ, நிகர இலாபம் ஏறத்தாழ 259 மில்லியன் யூரோ, கடைகள் 1,080.

விற்பனையும் அதன் நோக்கமும்

2001 மே 23ஆம் நாள் இன்டிடெக்ஸ் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஒரு பங்கின் விலை 14.70 யூரோ. அவ்விலையில் குழுமத்தின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 9,000 மில்லியன் யூரோ. நிறுவனத்தின் ஏறத்தாழ 26 விழுக்காட்டுப் பங்குகள் 2,000 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு விற்கப்பட்டன. முந்திய ஆண்டில் இணையத்தொழில் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தமையால் ஐரோப்பியச் சந்தைகள் புதிய பங்குகளை ஐயத்துடன் நோக்கிய காலம் அது. இருப்பினும் முதல் நாளிலேயே இப்பங்கின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி உயர்ந்தது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. தன் வருவாயைக் கொண்டே கடைகளைத் திறந்துகொண்டிருந்த குழுமம் ஏன் சந்தைக்கு வரவேண்டும்? விற்பனைக்கு வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே பங்குதாரர்கள் கையில் இருந்த பங்குகளே. ஆகவே, மக்கள் தந்த பணம் நிறுவனத்தின் கருவூலத்திற்கன்றி விற்றவர்களுக்கே சென்றது.

இதற்கான விடை நிறுவனரின் வயதில் உள்ளது. அவ்வாண்டு ஓர்தேகாவுக்கு 65 வயது. தாம் விலகிய பின்னரும் நிறுவனம் தொடர்ந்து இயங்குவதற்கு உறுதியான அமைப்பு வேண்டும் என்பதே இவ்விற்பனையின் முதன்மை நோக்கம் என ஆய்வாளர் கருதினர். 1999ஆம் ஆண்டறிக்கை வரை தம் நிழற்படம் ஒன்றுகூடப் பொதுவெளியில் வராதவாறு வாழ்ந்தவர் அவர். அத்தகையவரின் நிறுவனம் இனித் தன் கணக்கைக் காலாண்டுதோறும் உலகின்முன் வைக்க வேண்டியதாயிற்று. பிற்கால நிகழ்வுகளும் இவ்விளக்கத்திற்கு அரண் செய்கின்றன. 2005இல் வெளியிலிருந்து வந்த பாப்லோ இஸ்லா முதன்மை நிர்வாகியானார். 2011இல் ஓர்தேகா விலக, அவரே தலைவருமானார்.

எனினும், 60 விழுக்காட்டையொட்டிய பங்குகள் ஓர்தேகாவிடமே தங்கின. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மகள் மார்த்தா ஓர்தேகா தலைமைப் பொறுப்பை ஏற்றார். அன்றாட நிர்வாகம் தொழில்முறை அலுவலரிடமும், தலைமையும் பெரும்பான்மை உரிமையும் குடும்பத்திடமும் என ஒரு சமன்பாடு உருவாயிற்று. மக்கள் பங்குதாரராயினர், ஆனால், முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் சேரவில்லை.

தைத்தவர்களும் பங்கும்

துணியை வெட்டும் பணி குழுமத்தின் சொந்தத் தொழிற்சாலைகளில் நடந்தது. தைக்கும் பணியோ கலீசியாவிலும் வட போர்த்துகலிலும் இருந்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளிடமும் கூட்டுறவுக் குழுக்களிடமும் விடப்பட்டது. இவற்றுள் பல, தம் வேலை முழுவதற்கும் அல்லது பெரும்பகுதிக்கும் இன்டிடெக்ஸையே சார்ந்திருந்தன. ஆயின், சட்டப்படி அவை தனி அமைப்புகள். எனவே அங்கு உழைத்த பெண்கள் குழுமத்தின் கணக்கேட்டில் ஊழியராக இடம்பெறவில்லை; அவர்தம் உழைப்பு செலவினமாகவே பதிவாயிற்று. குழுமத்தின் விரைவுக்கு அவர்கள் கைகளே அடிப்படை. அவ்விரைவின் மதிப்பு பங்கு விலையாக மாறியபோது, அதனைப் பெற்றோர் வேறு.

இதற்கு மாறாக அமைந்தது ரொசாலியா மேராவின் வாழ்வு. மணமுறிவுக்குப் பின்னரும் அவர் தம் பங்குகளில் ஒரு பகுதியைக் காத்துக்கொண்டார். 2013ஆம் ஆண்டு மறைந்தபோது, ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பங்குக்கு உரியவராகவும் ஸ்பெயினின் பெருஞ்செல்வப் பெண்மணியாகவும் விளங்கினார். ஒரே தொழிலில், ஒரே வட்டாரத்தில், ஒரே வகை உழைப்பில் தொடங்கிய பெண்களிடையே இத்துணைப் பெரிய இடைவெளியை உண்டாக்கியது திறமை மட்டுமன்று. உரிமைப் பத்திரமும் ஆகும்.

சந்தைக்கு வந்ததால் தொழிலாளர்க்கு ஒரு பயனும் இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. 2001இல் குழுமம் தன் உற்பத்தியாளருக்கான நடத்தை நெறிகளை வகுத்தது. 2007இல் உலகளாவிய ஆடைத் தொழிலாளர் சம்மேளனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பெயர் அறியப்பட்ட பொது நிறுவனத்திடம் வினா எழுப்புதல் எளிது என்பதைத் தொழிற்சங்கங்கள் உணர்ந்திருந்தன.

சொல்லும் பொருளும்

ஸ்பானிய மொழியில் பங்கு வழங்கல் இருவகைப்படும். பழைய பங்குகளை விற்பதற்கு ஒரு கலைச்சொல்லும், புதிய பங்குகளை உருவாக்கிப் பணம் திரட்டுவதற்கு வேறொரு கலைச்சொல்லும் உண்டு. தமிழில் இரண்டையும் ‘வெளியீடு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கமே மிகுதி. இவ்வேறுபாட்டின் தேவையைச் சென்னை நிகழ்வு ஒன்று காட்டும். பெண்களுக்கான கால்சட்டை வகைகளை ‘கோ கலர்ஸ்’ என்னும் பெயரில் விற்கும் சென்னையின் கோ ஃபேஷன் நிறுவனம் 2021ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு பங்கு 690 ரூபாய் என ஏறத்தாழ 1,014 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வழங்கியது. அதில் புதிய பங்குகளால் நிறுவனத்திற்கு வந்தது 125 கோடி மட்டுமே. எஞ்சியது ஏற்கெனவே பங்கு வைத்திருந்த முதலீட்டு நிதியங்களுக்கும் நிறுவனர் குடும்ப அறக்கட்டளைகளுக்கும் உரியது. இவ்வாறு விற்பது முறையானதே. விண்ணப்ப ஆவணத்திலும் தெளிவாகக் கூறப்படுவதே. ஆயினும், ‘வெளியீடு’ என்னும் சொல் அதனை வாசகருக்கு உணர்த்துவதில்லை. ‘புதுப்பங்கு வெளியீடு’, ‘உரிமைப்பங்கு விற்பனை’ என இரு தொடர்களைப் பயன்படுத்தின் பொருள் தெளிவுபெறும்.

முடிவுரை

‘பங்கு’ என்னும் சொல் தமிழில் ‘பங்காளி’ என்னும் உறவுச் சொல்லையும் ஈன்றுள்ளது. பங்காளிக்குப் பங்கு பிறப்பால் வருவது. பங்குதாரர்க்கோ விலையால் வருவது. கடை பங்காளிகளுக்குள் பிரிந்து சிதையும் நிலையைத் தவிர்க்க, விலையால் வரும் பங்கு ஒரு வழியாகலாம் என்பதை இன்டிடெக்ஸ் வரலாறு உணர்த்துகின்றது. அதேவேளையில், உழைப்பால் மட்டும் பங்கு வருவதில்லை என்பதையும் அவ்வரலாறே மறைவின்றிக் காட்டுகின்றது. ஒரு நிறுவனம் ‘மக்களுக்குப் பங்கு’ என்று அறிவிக்கும்போது, பணம் யாரிடம் செல்கின்றது, முடிவெடுக்கும் உரிமை யாரிடம் தங்குகின்றது, தைத்த கைகள் கணக்கேட்டின் எந்தப் பக்கத்தில் உள்ளன என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். வணிகச் செய்தியை வகுப்பறையில் பாடமாக்கும் தமிழாசிரியர்க்கும் இவ்வினாக்கள் பயன்படும்.