முகச் சிவப்பு கூறும் வரலாறு

முகம் சிவத்தல் என்றதும் நாணமும் சினமுமே நம் நினைவுக்கு வரும். ஆயின், நாள்பட நீங்காத சிவப்பு நோயின் அறிகுறியாதலும் உண்டு. சேர்வராயன் மலையடியில் குப்பனூரில் வாழும் நான் மருத்துவன் அல்லேன், ஓய்வுபெற்ற ஆசிரியன். அச்சிவப்பைப் பிரித்தறிய மாந்தர் பட்ட பாட்டையே இன்று கூற விழைகின்றேன்.

கன்னமும் மூக்கும் சிவந்து, வெயிலாலும் சூடான பானத்தாலும் காரத்தாலும் அச்சிவப்பு மிகுவது ரோசேசியா என்னும் நோய். அது பிறரைத் தொற்றாது. அடியோடு ஒழியாவிடினும், தூண்டுவனவற்றை விலக்கி, வெயிலினின்று தோலைக் காத்து, மருந்தை முறையாகக் கையாண்டால் அடங்கி நிற்கும். நம் மாநிறத் தோலில் அது எளிதில் புலப்படாது.

தொழுநோயும் முகத்தில் சிவந்த படையாகத் தோன்றக்கூடும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது அந்நாளில் சிறு பிழையன்று. ஆதரவின்றித் திரிந்த தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 2016இல்தான் அது நீக்கப்பட்டது.

எவ்வாறு பிரித்தறிவது? தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குன்றும். மருத்துவர் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்ப்பர். ஆனால் முகத்தில் நரம்புகள் மிகுதி. அங்கு உணர்ச்சிக் குறைவு தெரியாமலும் போகலாம். ஆதலால் கழுத்து நரம்பு தடித்துள்ளதா என்று விரலால் தடவுவர்; காது மடலில் சிறிது கீறி, வரும் ஊனீரை நுண்ணோக்கியில் ஆராய்வர். அதில் அவர்கள் தேடுவது, 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்ட கிருமியையே.

மருந்தின் வரலாற்றில் நம் செங்கற்பட்டுக்கும் பங்குண்டு. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் இராபர்ட் காக்ரேன் 1940களில் டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்கு அளித்து ஆராய்ந்தார். 1955இல் மத்திய அரசு அதனை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. நோயாளர் ஆண்டுக்கணக்கில் அம்மருந்தொன்றையே உண்டனர். கிருமியோ அதற்கு ஈடுகொடுக்கக் கற்றது. 1964இல் மலேயாவின் சுங்கை பூலோவில் இது மெய்ப்பிக்கப்பட்டது. எனவே 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் அளவுக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை முடிகின்றது.

மாணவர்களே! ஒரு முகத்தின் நிறம் கண்டு தீர்ப்புக் கூறாதீர்கள். ஐயமுற்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்த விடாதீர்கள். பக்கத்து இருக்கையை விட்டு மட்டும் எழுந்து போகாதீர்கள்.