பழைய தழும்பில் புதிய புண் - ஒரு சிறு வரலாறு

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "உனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுப்பா, போதும்" என்றார். பாய்லரையும் வெல்டிங்கையும் பற்றி எழுதினால் யார் படிப்பாங்க? ஆகவே என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெரியப்பா செஞ்சிக்கு அருகே கரும்பு விவசாயி. இளம் வயதில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து பாகு சிந்தி, கெண்டைக்கால் வெந்துபோனது. மாதக்கணக்கில் ஆறி, பெரிய தழும்பாக நின்றது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, நான் நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அதே தழும்பில் சின்னதாக ஒரு புண். "கரும்புச் சோகை கீறியிருக்கும், விடுங்க" என்று எல்லோருமே சொன்னோம். எட்டு மாதம் களிம்பு தடவியதோடு சரி. வாடை வீசத் தொடங்கிய பிறகுதான் சதைப் பரிசோதனை செய்தார்கள். புற்றுநோய். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

தழும்பில் புற்று வருமா என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் மருத்துவ உலகுக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தழும்பில் தோன்றும் ஆறாப் புண்களைப் பற்றி 1828-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் எழுதினார். அவை புற்று என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் பிற்காலத்தார் தழும்புப் புற்றுக்கு 'மார்ஜோலின் புண்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டுச் சான்று காஷ்மீரில் இருக்கிறது. அங்கே குளிருக்காகப் பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்து, அதில் கரி நெருப்புப் போட்டு, அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக் கொள்வார்கள். அதுதான் காங்ரி. வருஷக் கணக்கில் சூடுபட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை, ஸ்ரீநகரில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் எல்ம்ஸ்லி 1866-ல் பதிவு செய்தார். பிறகு எர்னஸ்ட் நீவ் என்ற மருத்துவர் அதையே விரிவாக ஆராய்ந்து 1923-ல் எழுதினார்.

இவையெல்லாம் பெரும்பாலும் தோல் புற்று. தோலுக்கு அடியிலுள்ள மென்திசுவில் வரும் சார்கோமா இன்னும் அபூர்வம். 1948-ல் நியூயார்க்கில் ஸ்டூவர்ட், டிரீவ்ஸ் என்ற இருவர், மார்பக அறுவைக்குப் பின் வருஷக்கணக்கில் வீங்கியிருந்த கையில் அப்படிப்பட்ட புற்று வந்த ஆறு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதே 1948-ல் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் பிற்காலத்தில் சார்கோமா வருவதைக் கேஹன் என்பவர் எடுத்துக் காட்டினார்.

ஏன் இப்படி? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெல்டு வைத்த குழாய் அங்கேயே விரிசல் விடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உடம்பின் கணக்கு வேறு என்றாலும் ஓரளவு புரியும். உடைவதும் ஆறுவதுமான தழும்பில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரியும்போது பிழை வரலாம். ரத்தமும் நிணநீரும் அங்கே சரியாக ஓடாததால் உடம்பின் காவலும் குறைவு. அதனால்தான் ஆழமான தீக்காயத்தைத் தானே ஆறட்டும் என்று விடாமல், தோல் ஒட்டு வைத்து மூடுவது நல்லது என்கிறார்கள்.

பயப்பட வேண்டாம். பெரும்பாலான தழும்புகள், அதிலும் ஆபரேஷனில் தைத்து நன்றாக ஆறியவை, சாகும்வரை சும்மாதான் இருக்கும். ஆனால் பழைய தழும்பில் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், வளரும் கட்டி, ரத்தக் கசிவு, துர்நாற்றம் என்று எது தெரிந்தாலும் களிம்போடு நிற்காதீர்கள். "சதைப் பரிசோதனை செய்யலாமா?" என்று நீங்களே கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நமக்கு அதைவிடப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. சந்திப்பு நாளில் எல்லோரும் ராஜகிரி ஏறத்தான் போகிறோம். மதில் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே பிடுங்காவிட்டால் பிறகு சுவரையே பிரிக்க வேண்டிவரும். ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். பெரியப்பா அதன்பின் பன்னிரண்டு வருஷம் கட்டைக்காலோடு வயலுக்குப் போய்வந்தார். எட்டு மாதம் முன்னால் போயிருந்தால் அந்தக் காலோடேயே போயிருப்பார். வீட்டுக்குப் போனதும் பெரியவர்களின் பழைய தழும்பை ஒருமுறை பாருங்கள்.