பல்லாஸ் ஜாடியும் பெட்ரியின் அட்டைகளும்

லக்சரிலிருந்து நைல் நதியின் மேற்குக் கரையோரமாக வடக்கே போனால் முதலில் நகாதா வரும், அதைத் தாண்டி பல்லாஸ். ஏறக்குறைய எதிர்க்கரையில் கிஃப்ட், அதாவது கிரேக்கர்கள் கோப்டோஸ் என்று எழுதிய ஊர். சுற்றுலாப் பேருந்துகள் இந்தப் பக்கம் வருவதில்லை. பெரிய பிரமிடு கிடையாது, பெரிய கோயில் கிடையாது. ஆனா பானையில் ஆர்வம் உள்ளவனுக்கு எகிப்தில் இதைவிட முக்கியமான வட்டாரம் இல்லை என்பது என் கட்சி.

காரணம் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. 1894-95 குளிர்காலத்தில் அவர் நகாதாவிலும், அவரோடு வந்த க்விபெல் பல்லாஸிலும் தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான குழிகள். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்த உடல்கள், சுற்றிலும் பானைகள். ஒரு எழுத்து இல்லை, ஒரு ராஜா பெயர் இல்லை. எகிப்தில் அதுவரை பார்த்த எதைப் போலவும் இல்லாததால், பழைய அரசு வீழ்ந்த பிறகு வெளியிலிருந்து வந்த 'புதிய இனம்' இது என்று பெட்ரி எழுதிவிட்டார். இல்லை, இது பார்வோன்களுக்கும் முந்தைய எகிப்தியரே என்று பிரெஞ்சுக்காரர் ஜாக் டி மோர்கன் சொன்னதுதான் நின்றது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலான வித்தியாசம் அது!

சரி, முந்தையது என்று தெரிந்தாச்சு. அதற்குள் எது முதல், எது பிறகு? நம்ம தொழில் பாஷையில் சொன்னால், கை நிறைய ரெக்கார்டு இருக்கு, ஒன்றிலும் டைம்ஸ்டாம்ப் இல்லை, ஆனா வரிசைப்படுத்தணும். பெட்ரி செய்தது இதுதான். ஐந்து வகைப் பானைகளாவது இருந்த சுமார் 900 கல்லறைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள அட்டைத் துண்டு, அதில் அந்தக் கல்லறையில் கிடைத்த பானை வகைகள். பிறகு அட்டைகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரே வகைப் பானை உள்ளவை பக்கத்துப் பக்கத்தில் வரணும். ஒரு வகை தோன்றினால் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறையணும், விட்டு விட்டு வரக்கூடாது. இப்படிக் கிடைத்த வரிசைக்கு 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். ஏன் 30-ல் ஆரம்பம்? இன்னும் பழையது பின்னால் கிடைத்தால் செருக இடம் வேணுமே. பள்ளிக்கூடத்தில் பேசிக் எழுதினவங்களுக்கு 10, 20, 30 என்று வரி எண் போட்ட ஞாபகம் வரும். அந்த இடமும் வீண் போகவில்லை. 1920-களில் பதாரி பண்பாடு வெளிவந்தபோது அதற்கு 30-க்குக் கீழேதான் எண் கிடைத்தது. 1963-ல் கணிதவியலாளர் டேவிட் கெண்டல் இந்த அட்டை ஆட்டத்தைப் புள்ளியியல் சிக்கலாக மாற்றி ஆராய்ந்தார். கணினியே இல்லாத காலத்தில் மனுஷன் கையால் ஓட்டிய அல்காரிதம் அது.

இந்த வரிசைக்கு முதுகெலும்பாக இருந்தது ஒரு கைப்பிடி. பக்கவாட்டில் அலை அலையாக விளிம்பு வைத்த ஒரு ஜாடி. தொடக்கத்தில் உருண்டை வயிறு, பிடித்துத் தூக்கக்கூடிய நிஜமான பிடி. போகப்போக ஜாடி ஒல்லியாகிறது, பிடி சுருங்குகிறது. கடைசியில் வெறும் உருளை; பிடி இருந்த இடத்தில் நெளி நெளியாக ஒரு கோடு மட்டும். பயன் போய் அலங்காரம் மிஞ்சியது. அந்த ஜாடிகள் பெரும்பாலும் நைல் வண்டலில் செய்தவை அல்ல, பாலைவன ஓரத்துச் சுண்ணாம்புக் களிமண்ணில் செய்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பல்லாஸ் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன்.

எகிப்துக் குயவருக்கு மண் இரண்டு ஜாதி. ஆறு கொண்டு வந்த வண்டல், சுட்டால் செம்பழுப்பு. இன்னொன்று பாலைவனச் சரிவிலிருந்து வெட்டி எடுக்கும் சுண்ணாம்பு மண். சுட்டால் வெளிர் மஞ்சள், சில சமயம் பச்சை சாயல். மண்ணில் உள்ள உப்பு காயும்போது மேலே வந்து படிவதால் ஒரு வெள்ளைத் தோல் வேறு கட்டும். பல்லாஸ் ஜாடி இந்த இரண்டாவது மண். அஸ்வான் உயர் அணை 1970-ல் முடிந்த பிறகு வெள்ளமும் புது வண்டலும் நின்றன. அந்த அடி வண்டல் மண்ணை நம்பியவர்களுக்கு. பாலைவன மண்ணுக்கு அணை ஒன்றும் செய்யவில்லை.

பட்டறை தாழ்வான கொட்டகை. வெளி வெயிலிலிருந்து நுழைந்தால் ஒரு நிமிஷம் கண்ணே தெரியாது. வேணும்னே அப்படிக் கட்டுகிறார்கள், ஈரம் சீக்கிரம் போகக்கூடாது. சுவரைத் தடவிப் பார்த்தால் அதுவே ஜாடிகள்! சூளையில் விரிசல் விட்டதை அடுக்கி மண் பூசியிருக்கிறார்கள். ஊறவைத்த மண்ணை ஒரு இளைஞர் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். உள்ளே, என்னை அழைத்துப்போன டிரைவர் 'உஸ்தா' என்று மரியாதையாகக் கூப்பிட்ட பெரியவர், குழிக்குள் காலை விட்டு உதை சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய ஜாடி ஒரே மூச்சில் எழும்பாது. அடிப்பகுதியை இழுத்துக் கொஞ்சம் இறுக விட்டு, பிறகுதான் தோள், கழுத்து. அவசரப்பட்டால் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும்.

அந்த உதை சக்கரமும் இங்கே ஆதியிலிருந்து இருந்ததல்ல. நகாதா கல்லறைப் பானைகள் சக்கரமே இல்லாமல் கையால் செய்தவை. சக்காராவில் 5-ஆம் வம்சத்து அதிகாரி தீயின் கல்லறையில் உள்ள சக்கரம் கையால் சுற்றுவது. காலால் உதைப்பதைப் பார்க்க கார்கா பாலைவனச்சோலையின் ஹிபிஸ் கோயில் வரை வரணும். அங்கே மனிதரைப் பானை போல வனையும் க்னும் கடவுள் காலால் சக்கரம் ஓட்டுகிறார். பாரசீக மன்னன் டாரியஸ் காலத்துச் சிற்பம். 'ஐயாயிரம் வருஷமாக மாறாத தொழில்' என்று வழிகாட்டிகள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மாறாதது மண். அந்த அலைப் பிடி ஜாடிக்காரர்கள் தேடிப்போன அதே மாதிரி மண்ணைத்தான் இந்த உஸ்தாவும் பிசைகிறார்.

ஜாடியின் கழுத்தோரம் இரண்டு சின்னப் பிடி வைத்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அஞ்சு விநாடி ஆகியிருக்காது. பெட்ரியின் வரிசை எண் இப்படி ஒரு விரலில்தான் தொங்கியது என்று தோன்றியது.

இந்த ஜாடியில் தண்ணீர் சுமந்தார்கள், கரும்புப் பாகு, பாலாடைக்கட்டி அடைத்தார்கள். பக்கத்திலேயே கெனா நகரம் குல்லா என்கிற தண்ணீர்க் கூஜாவுக்குப் பேர்போனது. நுண்துளை வழியே கசிந்து ஆவியாவதால் உள்ளே ஜில். நம்ம தண்ணீர்ப் பந்தல் மாதிரி தெருவோரம் புண்ணியத்துக்குப் பெரிய ஜாடி வைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. பிடிக்காத விருந்தாளி கிளம்பிப் போனதும், திரும்பி வராமலிருக்க பின்னாலேயே ஒரு குல்லாவைப் போட்டு உடைப்பார்களாம்! இன்றைக்குக் குழாய், ஃபிரிட்ஜ், பிளாஸ்டிக் கேன். உடையாத பொருளோடு உடைகிற பொருள் எவ்வளவு நாள் போட்டி போடும்? மண் மிதித்த இளைஞரிடம் சக்கரத்தில் உட்கார்வீர்களா என்று டிரைவர் மூலம் கேட்டேன். சிரித்துவிட்டு, ஹுர்கதாவில் ஓட்டல் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். இழப்பு அவருக்கல்ல, ஆராய்ச்சிக்காரர்களுக்கு. பழைய பானை எந்த ஈரத்தில் ஒட்டியது, எத்தனை கட்டமாக எழும்பியது என்பதையெல்லாம் இப்படிப்பட்ட பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்லக் கற்றார்கள். துண்டு மட்டும் சொல்லாது.

எதிர்க்கரை கிஃப்ட்டுக்கு வருகிறேன். ரோமானியர் காலத்தில் இந்தியச் சரக்கு செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, இங்கேதான் நைல் படகுகளைச் சேர்ந்தது. அந்தத் துறைமுகங்களில் ஒன்று மியோஸ் ஹோர்மோஸ், இன்றைய குசேர் அல்-கதீம். ஆண்டுக்கு 120 கப்பல் அங்கிருந்து இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். அங்கே கிடைத்த ஒரு சேமிப்பு ஜாடியின் துண்டில் தமிழ் பிராமி எழுத்து. 'பானை உறி' என்ற பொருளில் ஐராவதம் மகாதேவன் அதை வாசித்தார்: உறியில் தொங்கவிடும் பானை. ராஜா பேரும் இல்லை, வணிகர் பேரும் இல்லை. பொருள் தன் பேரையே சுமந்துகொண்டு கடல் தாண்டியிருக்கிறது. அந்த ஜாடி இந்தியாவில் செய்தது என்று அடையாளம் சொன்னவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பானை நிபுணர் ராபர்ட்டா டோம்பர். நைல் வண்டலும் பல்லாஸ் சுண்ணாம்பு மண்ணும் குவிந்து கிடக்கிற நாட்டில், நம்ம மண் தனியாகத் தெரிந்திருக்கிறது.