மின் இருசக்கர வண்டிகளின் தொலைவு ஒப்பீடு: வரலாறும் தென்காசிச் சாலையும்

மின்சாரத்தில் ஓடும் இருசக்கர வண்டியை நெடுந்தூரப் பயணத்துக்காக வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒருமுறை மின்னேற்றினால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். பெட்ரோல் வண்டிக் காலத்தில் 'மைலேஜ்' என்பது செலவுக் கணக்கு. வழியெங்கும் எரிபொருள் கிடைத்ததால் வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்ற கவலை பெரிதாக இல்லை. மின்வண்டி வந்தபின் அதே சொல், ஊர் போய்ச் சேர முடியுமா என்ற கேள்வியாக மாறியது. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகக் குற்றாலம் செல்லும் ஏறத்தாழ 60 கி.மீ. சாலை, இக்கேள்வியை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு.

தொடக்க காலம்

மின்வண்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் த்ரூவே 1881-இல் பாரிசில் மின்சார மூன்றுசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1895-இல் அமெரிக்கரான ஆக்டன் போல்ட்டன், பின்சக்கரத்தின் குடத்திலேயே மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இவ்வகை வண்டிகள் பரவவில்லை. ஈய-அமில மின்கலத்தின் எடையே அதற்கு முக்கியக் காரணம். 2 கிலோவாட் மணி ஆற்றலைச் சேமிக்க அத்தகைய மின்கலம் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளதாக இருக்க வேண்டும். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வளர்ச்சியால் அதே ஆற்றலைச் சில மடங்கு குறைந்த எடையில் சுமக்க முடிந்தது. நெடுந்தூர மின்வண்டிக்கு வழி திறந்தது இதன் பிறகுதான்.

தமிழ்நாட்டில்

கோயம்புத்தூரில் 2008-இல் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகியோர் 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதல் வண்டி 2018-இல் சந்தைக்கு வந்தது. 2020-இல் டி.வி.எஸ். நிறுவனம் 2.25 கிலோவாட் மணி மின்கலத்துடன் ஐகியூப் வண்டியை அறிமுகம் செய்தது. 2021-இல் ஓலா நிறுவனம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே பெரிய தொழிற்சாலையை நிறுவியது.

இவை பெரும்பாலும் நகர ஓட்டத்துக்கான ஸ்கூட்டர்கள். பெங்களூரின் அல்ட்ராவயலெட் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட எப்77, நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் ஏற்ற மோட்டார் சைக்கிள். அதன் பெரிய மின்கலம் 10.3 கிலோவாட் மணி கொண்டது. அந்நிறுவனத்தில் 2021-இல் முதலீடு செய்தவற்றுள் ஒன்று, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோகோ நிறுவனம்.

விளம்பரத்தில் வரும் எண்

விளம்பரத்தில் காணும் கிலோமீட்டர் எண் பெரும்பாலும் 'இந்திய ஓட்டச் சுழற்சி' என்ற முறைப்படி ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது. வண்டி உருளைகளின் மேல் ஓட்டப்படும். உச்ச வேகம் மணிக்கு 42 கி.மீ.; சராசரி வேகம் ஏறத்தாழ 22 கி.மீ. எப்77 வண்டிக்கு இம்முறையில் கிடைத்த 307 கி.மீ. என்பதைப் பிரித்துப் பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 34 வாட் மணி செலவு என்று வருகிறது. ஒரே முறையில் அளந்த இரு வண்டிகளை ஒப்பிட இவ்வெண் உதவும். சாலையில் கிடைக்கும் தொலைவை அது அப்படியே சொல்வதில்லை.

அரசு கணக்கிட்ட முறை வேறு. 2019-இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மானியம் கிலோவாட் மணி ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. 2021-இல் அது 15,000 ஆக உயர்ந்து, 2023-இல் மீண்டும் 10,000 ஆகக் குறைந்தது. ஆக, மின்கலத்தின் கொள்ளளவே நிலையான அளவுகோல்; கிலோமீட்டர் என்பது அதிலிருந்து பெறும் மதிப்பீடு.

சாரல் காற்றின் கணக்கு

குற்றாலத்தில் சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வேகமாக வீசும். இம்மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கும் அதுவே காரணம். காற்றின் தடை, எதிர்வரும் காற்றின் வேகத்தினுடைய இருமடி விகிதத்தில் கூடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டிக்கு 20 கி.மீ. எதிர்காற்று சேர்ந்தால் அத்தடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

வண்டியும் இருவரும் சேர்ந்து 250 கிலோ எனக் கொண்டால், காற்றில்லாத நாளில் கிலோமீட்டருக்கு உத்தேசமாக 35 வாட் மணி செலவாகும். எதிர்காற்றில் அது 55 ஆகலாம். பின்காற்றில் 20 ஆகக் குறையலாம். 2.25 கிலோவாட் மணி மின்கலத்துக்கு இவற்றைப் பொருத்தினால், காற்றில்லாத நாளில் 64 கி.மீ. கிடைக்கும், குற்றாலம் சென்றுவிடலாம். சாரல் நாளிலோ 41 கி.மீ. மட்டுமே, தென்காசிக்கு முன்பே வண்டி நின்றுவிடும்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி சென்று திரும்புபவருக்கு இது தலைகீழ். போகும்போது பின்காற்று இருப்பதால் மின்கலம் நிறைய மிச்சமிருப்பதாகத் தோன்றும். அந்த மிச்சத்தை நம்பித் திரும்புபவர் வழியில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

ஏற்றத்தின் பங்கு இங்கே குறைவு. இதே எடையை 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 70 வாட் மணி போதும். அது சமதளத்தில் 2 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம். ஆரியங்காவுக் கணவாய் அதிக உயரமில்லாதது என்பதால், இப்பகுதியில் மலையைவிடக் காற்றையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பும் மின்னேற்றமும்

2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்வண்டிகள் தீப்பிடித்தன. அதன்பின் ஏ.ஐ.எஸ். 156 என்னும் மின்கலப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குபவர்கள் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது இதனால் அவசியமாகிறது. மழை மிகுந்த ஊரில் நீர்க்காப்புத் தரமும் முக்கியம். ஐ.பி. 67 என்பது, தூசி புகாததும் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்குவதுமான தரம்.

விரைவு மின்னேற்றத்துக்கான இணைப்பான்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இலகுரக மின்வண்டிகளுக்கு ஒரு பொதுத்தரத்தை ஏற்றது. சென்னையின் ராப்டி நிறுவனம் 2024-இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிளில், கார்களுக்கான இணைப்பானையே பொருத்தியது. எனவே வழியில் மின்னேற்ற நிலையம் இருப்பது மட்டும் போதாது. அதன் இணைப்பான் வண்டிக்குப் பொருந்தவும் வேண்டும்.

தொகுப்பு

நெடுந்தூர மின்வண்டிகளை ஒப்பிடும்போது மின்கலத்தின் கிலோவாட் மணி, தான் போகும் சாலையில் கிலோமீட்டருக்கு ஆகும் வாட் மணி, திரும்பி வரும் திசையின் காற்று, பொருந்தும் மின்னேற்ற வசதி ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலே கண்ட கணக்கில் 60 கி.மீ. போக 3.3 கிலோவாட் மணியும், திரும்ப 1.2 கிலோவாட் மணியும் தேவை. மொத்தம் 4.5, காற்றில்லாத நாளில் 4.2. மொத்தத்தில் வேறுபாடு சிறிதே. ஆனால் எதிர்காற்றுப் பாதியைக் கடக்கும் அளவு மின்கலத்தில் ஆற்றல் இருக்கிறதா என்பதே பயணத்தைத் தீர்மானிக்கிறது.