உடைமையும் மின்சாரமும்: கவாய்த் தீவுக் கூட்டுறவு தரும் சான்று

மின்சாரம் வழங்கும் ஸ்தாபனம் ஒன்று எண்ணெயை விட்டுச் சூரிய ஒளிக்கு மாறுவது, கருவிகளின் விலை இறங்க இறங்கத் தானே நிகழ்ந்துவிடும் என்னும் அபிப்பிராயம் இன்று பரவலாக நிலவுகிறது. கருவிகள் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரே வெயிலும் ஒரே கருவிகளும் ஒரே சட்டமும் இருந்தும் ஓரிடத்தில் விரைவாகவும் மற்றோரிடத்தில் மெதுவாகவும் மாற்றம் நிகழ்வதை ஊன்றி நோக்குவோமானால், எரிபொருளின் செலவைச் சுமப்பவர் யார், முதலீட்டைப் பற்றி முடிவு செய்பவர் யார் என்னும் இரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் இடத்திலேதான் மாற்றம் வேகம் கொள்கிறது என்பது புலனாகும். ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய்த் தீவின் மின்சாரக் கூட்டுறவு இதற்குத் தக்க சான்று. அச்சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

அமெரிக்காவில் 1930-களின் நடுவே பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. லாபம் இராது என்று தனியார் கம்பெனிகள் கம்பி இழுக்க மறுத்த இடங்களில், 1935-இல் ஏற்பட்ட கிராம மின்மய நிர்வாகத்தின் கடனுதவியோடு விவசாயிகளே சங்கம் கூட்டிக்கொண்டனர். கவாயின் வரலாறு வேறு. அங்கே மின்சாரம் முன்பே இருந்தது. அதை நடத்திவந்த தனியார் கம்பெனி விற்க முன்வந்தபோது, தீவு மக்கள் அதை வாங்க முனைந்தனர். முதலில் பேசிய 27 கோடி டாலர் மிகையென்று மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் மறுத்துவிட, மறுபடி பேரம் நடந்து, 21½ கோடி டாலருக்கு 2002 நவம்பர் முதல் தேதியன்று ஸ்தாபனம் கைமாறியது. விலை முழுவதும் கடன். மின்கட்டணம் செலுத்துபவரெல்லாம் உறுப்பினர். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்பது இயக்குநர்களிடம் நிர்வாகம்.

இந்த உடைமை மாற்றத்தின் பொருளை எண்ணெய்ச் செலவின் வழியே அறியலாம். தனியார் மின் கம்பெனிக்கு அதன் மூலதனத்தின்மேல் வருவாய் உண்டு; எண்ணெய் விலை ஏறினால் அவ்வேற்றம் பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்ந்து வாடிக்கையாளர் தலையிலேயே விழும்; ஆகவே எண்ணெயைக் குறைக்கவேண்டும் என்ற தவிப்பு பங்குதாரருக்கு இயல்பாக எழுவதில்லை. கூட்டுறவில் பங்குதாரரும் வாடிக்கையாளரும் ஒருவரே. 2008-இல் எண்ணெய் விலை உச்சம் தொட்ட காலத்தில், 2023-க்குள் பாதி மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்று சங்கம் தீர்மானித்தபோது, அப்பங்கு பத்தில் ஒன்றளவே இருந்தது. குறித்த ஆண்டுக்கு முன்பே, 2019-இல், பாதியைக் கடந்தாயிற்று. 2021-இல் அது எழுபது விழுக்காட்டை நெருங்கியபோது, அதே எண்ணெயையும் அதே மாநிலச் சட்டத்தையும் கொண்ட அண்டைத் தீவுகளின் தனியார் கம்பெனி நாற்பதை எட்டவில்லை. தீவு சிறியது, தேவை குறைவு, ஆதலால் எளிது என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் சிறிய மின்வலையில் ஒரு மேகம் கடந்தாலும் அதிர்ச்சி பெரிது. சிறுமையால் வந்த சங்கடம் சலுகையைக் காட்டிலும் குறைந்ததன்று.

அச்சங்கடத்தைச் சற்று நெருங்கிக் காண்போம். வெயில் மிகும் நண்பகலில் தேவைக்கு மேல் ஒளிமின்சாரம் பெருகுவதும், விளக்கேற்றும் நேரத்தில் அது அடியோடு நின்றுவிடுவதும் சூரியனின் சுபாவம். 2017-இல் கபையாவில் 13 மெகாவாட் தகடுகளுடன் 52 மெகாவாட்-மணி பேட்டரியும், அடுத்துத் தீவின் தென்பகுதியில் லாவாயில் 100 மெகாவாட்-மணி பேட்டரியும் அமைந்தபின், பகலில் சேமித்ததை மாலையில் செலவிடும் முறை நிலைபெற்றது. கபையாவின் மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு 13.9 சென்ட், உலகச் சந்தையில் எண்ணெய் எவ்விலைக்கு விற்றாலும் இருபதாண்டுக்கு அவ்விலை மாறாது. ஆனால் பேட்டரியில் சுழலும் பகுதி எதுவுமில்லை. பெரிய ஜெனரேட்டரின் கனத்த சுழற்சிதான், எங்கேனும் பழுது நேரும்போது அதிர்வெண் சரிந்து விழாமல் தாங்கிக்கொள்வது. ஆகவே எண்ணெயில் ஓடும் டர்பைனைக் கழற்றிவிட்டு, எரிபொருளின்றி ஜெனரேட்டரை மட்டும் சுழலவிடும் ஏற்பாட்டைச் சங்கத்தார் கைக்கொண்டனர். 2021 நவம்பரில் ஒருநாள் விடியற்காலை, தேவையில் அறுபது விழுக்காட்டளவு தந்துகொண்டிருந்த எண்ணெய் ஜெனரேட்டர் திடீரென நின்றது. பேட்டரிகள் கைகொடுத்தன, எனினும் மின்வலை முழுவதும் வினாடிக்குப் பதினெட்டு முதல் இருபது முறை ஊசலாடும் விபரீத அலைவு தோன்றியது. வலையின் அலையைப் பின்பற்றி மட்டுமே இயங்கும்படி அமைந்த இன்வர்ட்டர்களே அதற்குக் காரணம் என்பது பின்னர் ஆராய்ச்சியில் தெரிந்தது. தாமே அலையை வகுத்துத் தரும்படி இன்வர்ட்டர்கள் மாற்றியமைக்கப்பட்டபின், 2023-இல் அத்தகைய பழுதே மீண்டும் நேர்ந்தும் அவ்வலைவு எழவில்லை. கண்ணுக்குத் தெரியாத இத்தகைய திருத்தங்களே புதிய மின்வலையின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

ஸ்மார்ட் மீட்டர் விவகாரத்தில் கூட்டுறவு வேறொரு சோதனைக்கு உள்ளாயிற்று. மத்திய அரசின் மானியத்துடன் 2012-இல் வீடுதோறும் மீட்டர் மாற்றத் தொடங்கியபோது, கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தாலும், வீட்டுப் பழக்கங்கள் வெளிப்பட்டுவிடும் என்ற கவலையாலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினர் மறுத்துவிட்டனர். பழைய மீட்டரை வைத்துக்கொள்ள விரும்புவோர் மாதம் 10.27 டாலர் செலுத்தவேண்டும் என்று விதித்ததும், உறுப்பினர் சிலர் கையெழுத்துத் திரட்டி அவ்விதியையே பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். ஒருவருக்காக ஆள் அனுப்பி மீட்டர் படிக்கும் செலவை மற்றவர் ஏன் ஏற்கவேண்டும் என்பது ஒரு கட்சி. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு விலை கேட்பது அநியாயம் என்பது மறுகட்சி. 2014 ஜனவரியில் பெரும்பான்மை கட்டணத்தை ஆதரித்தது. தீர்ப்பு சரியே என்பது என் கருத்து. ஆனால் அதனினும் முக்கியமாகத் தோன்றுவது, ஒரு மீட்டரின் விதியை ஒவ்வொரு வீட்டாரும் வாக்குச்சீட்டால் தீர்மானிக்கும் இடம் அங்கே இருந்தது என்பதே. தனியார் கம்பெனியின் வாடிக்கையாளருக்கு ஆணையத்திடம் மனுச் செய்வதன்றி வேறு வழி இல்லை.

இனி வரம்பு. அமெரிக்க நிலப்பரப்பிலுள்ள கூட்டுறவுகள் பல, மொத்த மின்சாரத்தைத் தரும் பெருங்கூட்டுறவுகளோடு நெடுங்கால ஒப்பந்தத்தால் கட்டுண்டவை. நியூமெக்ஸிகோவில் டாவ்ஸ் நகரை மையமாகக் கொண்ட கிட் கார்சன் கூட்டுறவு, தன் தேவையில் ஐந்து விழுக்காட்டுக்குமேல் தானே உற்பத்தி செய்யலாகாது என்ற நிபந்தனையிலிருந்து விடுபட, 2016-இல் 3.7 கோடி டாலர் விலகற்பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. உடைமை உறுப்பினரிடம் இருந்தும் முடிவு அவர்களிடம் இல்லாத நிலை அது. நம் நாட்டிலும், 1969-இல் கிராம மின்மயக் கழகம் பிறந்த காலத்தில் அமெரிக்கக் கூட்டுறவாளரின் ஆலோசனையோடு சிரிசில்லா, ஹுக்கேரி முதலிய ஐந்து இடங்களில் முன்மாதிரியாகத் தொடங்கிய சங்கங்கள், மாநில வாரியத்திடம் மின்சாரம் வாங்கி விநியோகிப்பவையாகவே அமைந்தன. கவாய்க்கோ, கடல் சூழ்ந்த தனிமையால், மேலே ஒரு மொத்த வியாபாரி இல்லாதிருந்தது.

கவாயிலும் உடைமை முழுமையானதன்று. கபையா, லாவாய் நிலையங்கள் கம்பெனிகளுக்கே சொந்தம். சங்கம் அவற்றின் மின்சாரத்தை வாங்குகிறது. சூரிய மின் முதலீட்டுக்கான வரிச்சலுகை, வருமானவரி செலுத்துவோருக்கே அப்போது பயன்பட்டமையால், வரிவிலக்குப் பெற்ற கூட்டுறவு தானே கட்டினால் அச்சலுகையை இழக்க நேரும். கம்பெனி கட்டினாலோ விலை இறங்கும். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சலுகையைக் கூட்டுறவுகளுக்கும் ரொக்கமாகத் தர வகைசெய்ததால், அடுத்து எழும் நிலையங்களைக் கடன் வாங்கித் தாமே கட்டுவதா, முன்போல ஒப்பந்தத்தில் வாங்குவதா என்ற கேள்வி இயக்குநர் குழுவின் முன்னும் உறுப்பினர் முன்னும் வந்து நின்றது.