அசட்டு நாற்றின் கதை

பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு முடிந்த வயல்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கல்லூரியின் நினைவு வருவதில்லை. ஆயினும் ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. மூன்று கிராமங்களின் வருவாய் அதற்கு விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்லுகின்றன. அன்று நெல் கல்விக்குச் சோறு போட்டது. கல்வி நெல்லுக்கு என்ன செய்தது?

நம் பழைய நெல்வகைகளில் பெரும்பாலானவை நெடியவை. வைக்கோல் மாட்டுக்கும் ஆயிற்று, கூரைக்கும் ஆயிற்று. ஆனால் உரத்தைக் கூடுதலாகப் போட்டால் பயிர் மளமளவென்று உயர்ந்து, கதிர் முற்றும் வேளையில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். குடியானவனின் ஆறு மாத உழைப்பு சேற்றில் படுத்துவிடும்.

இந்த வளர்த்தியின் ரகசியம் ஒரு நோயில் அகப்பட்டது. ஜப்பானில் சில நாற்றுக்கள் மற்றவற்றை மிஞ்சி, வெளிறி உயர்ந்து, மணி பிடிக்காமலே மடியும். 'அசட்டு நாற்று' என்று அங்கே அதற்குப் பெயர். 1926-ல், அப்போது ஜப்பானியர் ஆட்சியிலிருந்த தைவானில், குரோசாவா என்பவர் ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் என்று காட்டினார். 1935-ல் யபூதா அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். பிறகுதான் விந்தை தெரிந்தது: பயிரும் அதே சரக்கை அளவோடு தானே செய்துகொள்கிறது!

1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வந்தது. உரம் போட்டாலும் அது எளிதில் சாயவில்லை. காரணம் 2002-ல் விளங்கிற்று: ஜிப்பரெல்லினைச் செய்யும் ஒரு நொதி அதில் குறைவு.

ஹார்மோன் எப்படிக் கட்டளையிடுகிறது என்பதை நகோயா பல்கலைக்கழகத்தார் 2005-ல் கண்டார்கள். உயிரணுவின் உட்கருவில், டி.என்.ஏ.யில் எழுதியுள்ள 'வளர்' என்ற கட்டளையை ஒரு காவற்காரப் புரதம் தடுத்து நிற்கிறது. ஹார்மோன் வந்து ஏற்பியின் மடியில் அமர்ந்ததும், ஏற்பி அந்தக் காவற்காரனைப் பற்றிக்கொள்கிறது. அவன் அழிக்கப்படுகிறான். தண்டு நீளுகிறது. மனித உடம்பில் ஈஸ்ட்ரோஜனின் ஏற்பி டி.என்.ஏ.யின் மேலேயே போய் அமரும். நெல்லிலோ ஏற்பி காவலை நீக்குவதோடு சரி.

குட்டை நெல்லால் வைக்கோல் குறைந்தது. மாடு வைத்திருப்பவர்களின் வருத்தம் நியாயமானதே. உரச் செலவும் ஏறிற்று. ஆனாலும் காற்றடிக்கிற இரவில் கதிர் நிமிர்ந்து நிற்குமானால், அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். மூன்று கிராமங்களின் நெல்லை உண்டு வளர்ந்த கல்வி, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பித் தந்தது அந்தத் தூக்கத்தைத்தான்.