கித்துளும் தவறணையும்

1855ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் பொருட்டு, பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் செந்நிறத் திராட்சை மதுக்கள் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. கபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ என்னும் திராட்சை இனங்கள், அவை விளையும் நிலம், அம்மதுவுக்கு ஏற்ற ஆட்டிறைச்சி என யாவும் இன்றும் நூல்நூலாக எழுதப்படுகின்றன. உடைமையாளரின் மாளிகைப் பெயர் போத்தலில் பொறிக்கப்படுகிறது. பழம் பறித்த கைகளின் பெயர் எங்குமில்லை. எனினும், அம்மண்ணின் மது அம்மண்ணின் பெருமையாகவேனும் போற்றப்பட்டது. அதே நூற்றாண்டில், தெல்தெனிய அமைந்துள்ள தும்பறைப் பள்ளத்தாக்கில் மதுவின் வரலாறு முற்றிலும் வேறாக இருந்தது. அதனை ஆராய்வதே நம் நோக்கம்.

தும்பறைக்கும் இனிய சாறு தரும் மரம் ஒன்று உண்டு. சிங்களத்தில் அது கித்துள், தமிழில் கூந்தற்பனை. மரமேறிப் பாளையை நாள்தோறும் சீவிச் சாற்றை இறக்குவர். புளிக்குமுன் காய்ச்சினால் பாணி; மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி; காய்ச்சாது விட்டால் கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இம்மரத்தின் சாற்றையும், அதிலிருந்து சருக்கரை ஆக்கும் முறையையும் விவரித்துள்ளார். எருமைத் தயிருக்குப் பாணி, வெறுந்தேநீருக்குக் கருப்பட்டித் துண்டு என்னும் வழக்கம் மலைநாட்டில் இன்றும் மாறவில்லை. ஆயின், கருப்பட்டி காய்ச்சுதல் ஒரு சாதியின் கடமையாக விதிக்கப்பட்டது. அச்சாதி தாழ்ந்ததென ஒதுக்கவும் பட்டது. மன்னராட்சியைப் பொற்காலமெனப் புகழ்வோர் இதனை மறத்தலாகாது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஜமைக்காவில் கோப்பிப் பயிர்ச்செய்கை பயின்ற ஆர். பி. டைட்லர் 1837இல் இலங்கை வந்து, அம்முறையைத் தும்பறையில் புகுத்தினார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், காடுகளை அரசின் உடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. தோட்டம் சென்ற வழியெல்லாம் தவறணையும் சென்றது. கரையோரத் தென்னங்கள்ளில் வடித்த சாராயம் மலையேறிற்று. அதனை விற்கும் தனியுரிமையை அரசு பகுதி பகுதியாக ஏலமிட்டது. கூடிய பணம் கேட்டவன் குத்தகைக்காரன் ஆனான். கட்டிய பணத்தை ஆதாயத்தோடு மீட்க அவன் கண்ட வழி ஒன்றே: மக்களை மேலும் குடிக்கச் செய்தல். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் த சொய்சா சாராயக் குத்தகையில் திரட்டிய செல்வத்தைக் கொண்டு ஹங்குராங்கெத்தையில் கோப்பித் தோட்டம் வாங்கினார். அவர் மைந்தர் 1870இல் எடின்பரோக் கோமகனுக்குப் பொற்தட்டில் விருந்து படைத்தார்.

அப்பொன் யாருடைய வியர்வை? தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தனர். கங்காணியின் கடன்சீட்டாகிய ‘துண்டு’ அவர்களைப் பிணித்திருந்தது. அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. குளிரும் களைப்பும் கடனும் சூழ்ந்தவனுக்குத் திறந்திருந்த கதவு தவறணை ஒன்றே. அவன் கூலி தவறணைக்குச் சென்றது; தவறணையின் குத்தகைப் பணம் திறைசேரிக்குச் சென்றது. அவ்வருவாயில் ஆட்சி நடத்தியவர்களே அவனைக் குடிகாரன் என இகழ்ந்தனர். அண்டை ஊரின் சிங்கள உழவனும் அதே தவறணையில் தன் விளைச்சலின் பங்கை இழந்தான். மொழியால் வேறாயினும், சுரண்டலில் இருவரும் ஒருவரே.

1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் பொங்கியெழுந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்த அக்கிளர்ச்சி தேசிய விழிப்புக்கு வித்திட்டது. அதன் தலைவர்கள் சிலர் 1915இல் சிறையும் புகுந்தனர். அவர்களின் தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், சாராயக் குத்தகையில் செழித்த வகுப்பிலிருந்தே அவர்களுட் சிலர் வந்தனர் என்பதும் உண்மை. குடிப்பவனின் ஒழுக்கத்தை வினவிய இயக்கம், அவன் கூலியையும் கடனையும் போதிய அளவு வினவவில்லை.

பழைய தெல்தெனியப் பட்டினம் இன்று நீருக்கடியில் உள்ளது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் அதனை மூடிற்று. நீர் வற்றுங் காலத்தில் இடிந்த சுவர்கள் வெளித்தெரிகின்றன. வரலாற்றையும் அவ்வாறு வெளிக்கொணர்தல் ஆசிரியர், மாணவர் கடன். தொழிலாளி ஏன் குடித்தான் என்று கேட்குமுன், அவன் குடித்ததால் வாழ்ந்தவர் யாவர் என்று கேட்போம்.